வர இயலாதோர் பட்டியல்

1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி தலைமையிலான அரசு கலைக்கப்பட்டது. நெருக்கடி நிலை அதற்கு ஏழு மாதம் முன்பே வந்துவிட்டது என்றாலும் தமிழ்நாட்டில் அதன் முழுப் பாரமும் இறங்கியது அன்றிரவுதான். ஊர் ஊராகத் திமுகவினர் மிசா சட்டத்தில் கைதானார்கள். யார் யார் உள்ளே போனார்கள் என்று எந்தப் பத்திரிகையும் அச்சிட முடியாது. தணிக்கை அதிகாரி பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் பக்கம் அச்சுக்குப் போகும். பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். திமுகவின் நாளேடான முரசொலியில் அன்று ஒரு பெயர்ப் பட்டியல் வந்தது. அண்ணா நினைவிடத்துக்கு வந்து அஞ்சலி செலுத்த இயலாதவர்கள் இவர்கள் என்பது அதன் தலைப்பின் சாரம். அதன் கீழே பெயர்கள் மட்டும்.

தணிக்கைக்காரர் எதை அடிப்பார்? ‘கைது’ என்ற சொல் இல்லை, ‘சிறை’ இல்லை, ‘மிசா’ இல்லை. ஒரு நினைவு நாளுக்குச் சிலரால் வர முடியவில்லை என்பது செய்தியே அல்ல. காய்ச்சலாக இருக்கலாம், பேருந்து கிடைக்காமல் இருக்கலாம். ஆனால் அந்தத் தாளைக் கையில் எடுத்த கட்சிக்காரன் ஒவ்வொருவனும் தன் மாவட்டத்துப் பெயர்களைத் தேடினான். அவன் தேடியது சிறைக் கணக்கை. அச்சில் இல்லாத அந்த ஒரு சொல்லை, படித்தவர்கள் அத்தனை பேரும் தாங்களாகவே போட்டுக்கொண்டார்கள்.

அரசியல் பேச்சின் உட்பொருளைப் பற்றி எழுதும்போது நாம் வழக்கமாக ‘மறைபொருள்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறோம். யாரோ எதையோ ஒளித்து வைத்திருப்பதுபோலவும் ஆய்வாளர் தோண்டி எடுப்பதுபோலவும் ஒரு பாவனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. முரசொலிப் பட்டியலில் எதுவும் மறைக்கப்படவில்லை. யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களுக்கு முழுதாகச் சேர்ந்தது. அங்கே நடந்தது வேலைப் பங்கீடு. பாதிச் சொல்லைப் பேசுபவர் தருகிறார், மீதியைக் கேட்பவர் போட்டு முடிக்கிறார். பழி வந்தால் முதல் பாதிக்கு மட்டுமே பேசியவர் பொறுப்பு. மேடைத் தமிழின் நூறாண்டுச் சாமர்த்தியத்தில் பெரும் பங்கு இந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது.

இதைத் தமிழ் இலக்கணம் நெடுங்காலமாகவே அறியும். தொல்காப்பியம் சொல்லதிகாரத்துப் பெயரியலில், பொருள் தெரிகிற வழி இரண்டு என்கிறது. சொல்லிலேயே வெளிப்படத் தெரிவது ஒன்று, குறிப்பினால் தோன்றுவது இன்னொன்று. பொருளதிகாரத்தில் உள்ளுறை ஐந்து வகை என்று பிரிக்கும்போது உடனுறை, உவமம், சிறப்பு ஆகியவற்றோடு சுட்டையும் நகையையும் சேர்த்துச் சொல்கிறது. காதலுக்கென்று வகுத்த பட்டியல்தான். ஆனாலும் ஒன்றைச் சுட்டிக்காட்டி வேறொன்றை உணர்த்துவதும் சிரிப்பின் வழியே உணர்த்துவதும் மேடைக்காகவே எழுதி வைத்ததுபோல இருக்கின்றன.

மேற்கில் இந்தப் பேச்சு சூடு பிடித்தது 1967இல். பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் அந்த ஆண்டு ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில், உரையாடுகிற இருவர் ஒருவரோடொருவர் ஒத்துழைக்கிறார்கள் என்ற எளிய எண்ணத்திலிருந்து தொடங்கினார். தேவையான அளவு சொல்வார்கள், உண்மையைச் சொல்வார்கள், பொருத்தமாகச் சொல்வார்கள், தெளிவாகச் சொல்வார்கள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பு இடறும் இடத்தில் நம் மனம் சும்மா இருப்பதில்லை. கல்யாண வீட்டுச் சாப்பாடு எப்படி என்று கேட்டால், “ரசம் சூடா இருந்துச்சு” என்று ஒருவர் சொல்கிறார். கேட்டவருக்கு முழு விருந்தும் விளங்கிவிடுகிறது. பெண் வீட்டார் சண்டைக்கு வந்தால், “ஐயையோ, நான் குறையே சொல்லலையே, ரசம் சூடா இருந்துச்சுன்னுதானே சொன்னேன்” என்று தப்பித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. குறிப்புப் பொருளைச் சொன்னவரே பின்னால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்பதை கிரைஸ் அதன் முக்கிய அடையாளமாகக் கண்டார். அரசியல்வாதிக்கு இதைவிட வசதியான கருவி வேறு உண்டா?

கிரைஸ் எழுதியது பெரும்பாலும் இருவர் பேச்சைப் பற்றி. மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது ஆயிரம் பேர். அவர்கள் பேசுபவரை மட்டும் கேட்பதில்லை, பக்கத்திலிருப்பவர் சிரிப்பதையும் கேட்கிறார்கள். ஒரு கூட்டம் ஒரே நேரத்தில் ஒரே விடுபட்ட சொல்லை நிரப்பும்போது எழுகிற சத்தம் தனி. அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் ஊர்த் தேரடியில் ஒரு தெருமுனைக் கூட்டம். கட்சியும் பேச்சாளரும் இங்கே வேண்டாம். மணி பத்தைத் தாண்டியிருந்தது. பேச்சாளர் நடுவே நிறுத்தி, கோலி சோடாவை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, குரலைத் தணித்தார். “நம்ம ஊர்ல ஒரு குளம் இருந்துச்சாம். திடீர்னு காணாமப் போச்சாம். அதிகாரிங்க எல்லாம் தேடுனாங்களாம். கடைசியில கெடச்சிருச்சாம்.” இன்னொரு மடக்கு சோடா. “எங்க கெடச்சுதுன்னு நான் சொல்ல மாட்டேன். அடுத்த முகூர்த்தத்துக்குப் போறவங்க கீழ குனிஞ்சு பாருங்க.” கூட்டம் மொத்தமும் சிரித்தபடி ஒரே திசையில் தலையைத் திருப்பியது. அந்தத் திசையில், இரண்டு தெரு தள்ளி, புதிதாகக் கட்டிய ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. அது யாருடையது என்று ஊருக்கே தெரியும். எனக்கு முன்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த காவலரின் நோட்டை எட்டிப் பார்த்தேன். ‘குளம் காணவில்லை எனப் பேசினார்’ என்று எழுதியிருந்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் எழுதினார்.

அந்தப் பேச்சின் வேலை முழுவதையும் செய்தது ‘ஆம்’ என்ற சின்ன ஒட்டு. பிறர் சொல்லக் கேட்டதாகச் சொல்வதற்குத் தமிழில் உள்ள வசதி அது. ‘மழை வந்ததாம்’ என்றால் நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்று பொருள். பொறுப்பு கைமாறிவிடுகிறது. அதே ஒட்டைக் குரலை ஏற்றிச் சொன்னால் எள்ளல். ‘வளர்ச்சியாம்!’ என்ற ஒரே சொல்லில், எதிர்க்கட்சி வளர்ச்சி என்று சொன்னதும், அது பொய் என்பதும், அந்தப் பொய்யை நாம் நம்பவில்லை என்பதும் அடங்கிவிடுகின்றன. மூன்றில் ஒன்றுகூடக் கூற்றாகச் சொல்லப்படவில்லை. மறுக்க விரும்புபவர் எதை மறுப்பார்? தமிழ் மேடையின் கூரான ஆயுதம் எதுவென்று கேட்டால் உவமையைச் சொல்ல மாட்டேன், அடுக்கு மொழியையும் சொல்ல மாட்டேன். இந்த ‘ஆம்’தான்.

இதற்கு அடுத்தது உம்மை. நன்னூல் அதற்கு எட்டுப் பொருள் சொல்லும். மேடைக்கு உயிர் எச்ச உம்மை. ‘இந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும்’ என்பது வாக்குறுதி. ‘இந்தத் தெருவுக்கும் தண்ணீர் வரும்’ என்றால் மற்ற தெருக்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்று ஆகிறது. அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை, நிரூபிக்கவும் வேண்டியதில்லை, ஆனால் அது காதில் ஏறிவிட்டது. ‘இந்த முறையாவது வாக்களியுங்கள்’ என்பதில் ‘ஆவது’ போன முறை நீங்கள் செய்த பிழையைச் சொல்லிக்காட்டுகிறது. கேட்பவர் கோபப்படாமல் வெட்கப்படுகிறார்.

நாம், நாங்கள் என்ற இரட்டை இன்னும் நுட்பமானது. கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் தன்மைப் பன்மையும் விலக்கும் தன்மைப் பன்மையும் தனித்தனியாக இருப்பது எல்லா மொழிக்கும் வாய்த்ததல்ல. ஆங்கிலத்தில் பேசும் தலைவருக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் பேசுபவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ‘நாங்கள் போராடினோம்’ என்றால் மேடையும் கூட்டமும் வேறு. ‘நாம் போராடினோம்’ என்றால் வீட்டில் படுத்திருந்தவனும் போராளி ஆகிவிடுகிறான். சி.பா. ஆதித்தனார் 1958இல் தொடங்கிய இயக்கத்துக்கும், 2010இல் சீமான் தொடங்கிய கட்சிக்கும் ‘நாம் தமிழர்’ என்று பெயர். இது ஒரு முழு வாக்கியம். உள்ளே வருபவர்களைத்தான் அது சொல்கிறது. வெளியே நிற்பவர் யார் என்ற கேள்வியைக் கேட்பவரின் மனத்துக்கு விட்டுவிடுகிறது. அந்தக் கேள்விக்கான விடை மேடைக்கு மேடை, ஊருக்கு ஊர் மாறும். மாறினாலும் பெயர் பொய்யாகாது.

சொல்லே இல்லாமலும் குறிப்பு நடக்கும். 1949 செப்டம்பர் 17 அன்று திமுக தொடங்கியபோது தலைவர் பதவியை யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த நாற்காலி பெரியாருக்கு உரியது, காலியாகவே இருக்கும் என்றார்கள். அண்ணா பொதுச்செயலாளராகத்தான் இருந்தார். பெரியாரை விட்டுப் பிரிந்த கட்சி, பெரியாரின் இடத்தை அப்படியே வைத்திருந்தது. நாங்கள் விலகவில்லை, அவர்தான் வழி மாறினார் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் ஆயிரம் மறுப்பு வந்திருக்கும். காலி நாற்காலியை மறுக்க முடியாது. பெரியார் பங்குக்கு அவர்களைக் ‘கண்ணீர்த்துளிகள்’ என்றே அழைத்தார். அழுதுகொண்டு போனவர்கள் என்ற கேலி ஒரே சொல்லில் நின்றது. கட்சிக்குத் தலைவர் என்று ஒருவர் வந்தது 1969இல்தான், அண்ணாவின் மறைவுக்குப் பிறகு.

பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் மதுரையில் தங்கி மேடைத் தமிழை ஆராய்ந்து 2009இல் ஒரு நூல் எழுதினார். திராவிட இயக்கத்தார் கையாண்ட செந்தமிழ் நடையே ஒரு செய்தியைச் சுமந்தது என்பது அவர் வாதத்தின் முக்கிய இழை. தெருவில் பேசாத தமிழை மேடையில் பேசும்போது, நாம் பழைய பெருமை உள்ள ஒரு இனம் என்பது சொல்லாமலே கேட்பவரிடம் போய்ச் சேர்கிறது. என்ன பேசினார் என்று புரியாமலே கை தட்டியவர்களைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். அவர்களுக்குப் புரிய வேண்டியது புரிந்துவிட்டது என்பதைப் பேட்டின் நூலைப் படித்த பிறகுதான் நான் ஒத்துக்கொண்டேன்.

முழக்கங்களுக்கு வருவோம். ‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது.’ நான்கு சொல்லில் இரண்டு வாக்கியங்கள். இரண்டிலும் செயப்படுபொருள் இல்லை. ‘வாழ்’, ‘தேய்’ இரண்டுமே இங்கே தன்வினையாக நிற்கின்றன. செருப்பு தேய்கிறது, நிலவு தேய்கிறது என்கிறோமே, அதுபோல யாரும் செய்யாமல் நடக்கிற ஒன்று. ‘வடக்கு தெற்கைத் தேய்க்கிறது’ என்று ஒரு ‘க்’கைக் கூட்டியிருந்தால் அது குற்றச்சாட்டு. ஐந்தாண்டுத் திட்ட ஒதுக்கீட்டுக் கணக்கை மேடைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். தன்வினையில் கணக்கு தேவையில்லை. இரண்டு வாக்கியத்தையும் அருகருகே வைத்தால் போதும், ‘அதனால்’ என்ற சொல்லைக் கேட்பவர் போட்டுக்கொள்வார். வகரமும் தகரமும் மோனையில் கட்டிக்கொண்டு நிற்பதால் இணைப்பு இயற்கையாகவே இருப்பதுபோலத் தோன்றுகிறது. கேட்பவர் தாமே போட்ட ‘அதனால்’ என்பதால், அதை அவர் தன் சொந்தக் கண்டுபிடிப்பாகவே வீட்டுக்குக் கொண்டுபோனார். தன் சரக்கை யாரும் சந்தேகிப்பதில்லை.

1967 தேர்தலுக்கு முன் அரிசிப் பஞ்சம். கடை வாசலில் வரிசை. ‘பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?’ என்று தெருவெல்லாம் கேட்டார்கள். விலை என்ன ஆயிற்று என்று யாருக்குத் தெரியாது? விடை தெரிந்த கேள்வியை முதலமைச்சரிடம் கேட்பது, விடை உமக்குத்தான் தெரியவில்லை என்று சொல்வதற்கு ஒரு வழி. ‘அண்ணாச்சி’ என்ற உறவுச் சொல் அது திட்டாக ஆகாமல் பார்த்துக்கொண்டது.

அதே தேர்தலில்தான் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு. மேடைகளில் அது கடைசியில் பெற்ற வடிவம் ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’. தமிழ் அரசியலில் இதைவிட நுணுக்கமாக வடித்த வாக்குறுதி ஒன்றை நான் பார்த்ததில்லை. கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதலில் வருவது பெரிய எண். காது முதலில் அதைப் பிடித்துக்கொள்கிறது. ‘லட்சியம்’ உயர்ந்த சொல், தோற்றாலும் பெருமை குறையாத சொல். ‘நிச்சயம்’ கல்யாணத்தில் வருகிற சொல், தட்டு மாற்றியாகிவிட்டது என்ற உறுதி அதில் உண்டு. இரண்டும் ஒரே ஓசையில் முடிவதால் லட்சியத்தின் மேல் நிச்சயத்தின் நிழல் விழுகிறது. வக்கீல் கண்ணோடு படித்தால், ஒரு படிக்கு மேல் எதுவும் உறுதியில்லை என்பதே இதன் சரியான பொருள். ஒன்று நிச்சயம் என்று சொன்னாலே ஒன்றுக்கு மேல் நிச்சயமில்லை என்று ஆகிறது. ஆனால் வரிசையில் பையோடு நின்ற அம்மா கேட்டது மூன்றை. அவள் ஏமாளியும் அல்ல. ஒன்றாவது கிடைக்கும், மூன்றும் கிடைக்கலாம் என்று அவள் போட்ட கணக்கு அந்த வாக்கியத்தில் இருக்கத்தான் செய்கிறது.

ஆட்சிக்கு வந்த அண்ணா அதே ஆண்டில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படித் திட்டத்தைத் தொடங்கினார். நிதி இடம் கொடுக்காததால் மாநிலம் முழுக்கப் போகவில்லை. மூன்று படி எங்கே என்று காங்கிரஸார் பல ஆண்டுகள் கேட்டார்கள். கட்சிக்காரர்கள் லட்சியம் என்றுதானே சொன்னோம் என்றார்கள். ரசம் சூடாக இருந்தது என்றுதானே சொன்னேன் என்பது போலத்தான்.

அண்ணாவின் இன்னொரு வாக்கியம் இதைவிடக் கனமானது. 1963இல் அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் வந்தது. நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்காமல் தேர்தலில் நிற்க முடியாது என்றாயிற்று. திராவிட நாடு கோரிக்கையைத் திமுக கைவிட்டது. கைவிட்டபோது அண்ணா சொன்னதன் சாரம், கோரிக்கையை விட்டுவிட்டோம், ஆனால் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பது. முன்பாதி சட்டத்துக்கு, பின்பாதி தொண்டனுக்கு. நடுவே நிற்கும் ‘ஆனால்’ தராசின் முள். தமிழில் ஆனாலுக்குப் பின்னால் வருவதே பேசுபவரின் மனம் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். பாதிகளை இடம் மாற்றிப் பாருங்கள்: ‘காரணங்கள் அப்படியே இருக்கின்றன, ஆனால் கோரிக்கையை விட்டுவிட்டோம்.’ செய்திகள் அதேதான், அரசியல் தலைகீழ். முதல் வடிவத்தில் கட்சி நிமிர்ந்து நிற்கிறது, இரண்டாவதில் பணிந்து போகிறது. மாநில சுயாட்சி என்று பின்னால் வந்த முழக்கத்துக்கு இந்த ‘ஆனால்’தான் வாசல் என்பது என் எண்ணம்.

பெயரிடுவதில் உள்ள குறிப்பு இன்னும் சிக்கனமானது. 2006 தேர்தலில் திமுகவுக்கு 234இல் 96 இடங்கள். பெரும்பான்மைக்கு 118 வேண்டும். காங்கிரஸ் போன்ற தோழமைக் கட்சிகளின் ஆதரவில் அரசு ஐந்தாண்டு ஓடியது. அந்த ஐந்தாண்டும் ஜெயலலிதா தம் அறிக்கைகளில் ‘மைனாரிட்டி திமுக அரசு’ என்றே எழுதி வந்தார். மின்வெட்டைப் பற்றி எழுதினாலும், விலைவாசியைப் பற்றி எழுதினாலும் எழுவாயில் அந்த அடைமொழி நிற்கும். ‘இந்த அரசு சிறுபான்மை அரசு’ என்று பயனிலையில் வைத்திருந்தால் அதை விவாதிக்கலாம். எழுவாயோடு ஒட்டிவிட்டால், விவாதம் மின்வெட்டைப் பற்றித்தான் நடக்கும், அடைமொழி கேள்வியில்லாமல் உள்ளே போய்விடும். ஒரு விளம்பரப் பாடலைக் கேட்டுக் கேட்டுப் பழகுவதுபோல ஊரும் அதற்குப் பழகியது.

‘ஒன்றிய அரசு’ வந்தது 2021இல். இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்று அரசியலமைப்பின் முதல் பிரிவே சொல்கிறது, அதைத்தான் சொல்கிறோம் என்று அந்த ஜூன் மாதம் சட்டமன்றத்தில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் விளக்கம் சொன்னார். சொல்லளவில் அது சரி. ஆனால் பொருள் சொல்லில் இல்லை, மாற்றத்தில் இருந்தது. நேற்றுவரை ‘மத்திய’ என்று சொன்னவர் இன்று வேறு சொன்னால், ஏன் என்ற கேள்வி கேட்பவரிடம் எழும். அந்தக் கேள்விதான் செய்தி. ‘ஊராட்சி ஒன்றியம்’ என்ற அலுவலகப் பலகையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல் டெல்லியைக் கொஞ்சம் பக்கத்தில், கொஞ்சம் சிறிதாகக் காட்டியதும் உண்மை.

விளிகளைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதலாம். ஜெயலலிதாவை ‘அம்மா’ என்றால் ஒரு கட்சி, ‘அம்மையார்’ என்றால் எதிர்க்கட்சி. இரண்டும் மரியாதைச் சொற்கள். கலைஞர் என்று சொல்கிறவர் யார், கருணாநிதி என்று சொல்கிறவர் யார் என்பதை வைத்தே டீக்கடையில் ஒருவரின் வாக்கை ஊகித்த காலம் இருந்தது. 2025 ஆகஸ்டில் தம் கட்சியின் மதுரை மாநாட்டில் நடிகர் விஜய், அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலினை ‘அங்கிள்’ என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளை மரியாதையாகச் சொல்கிற சொல்லே அது. மேடையில் அது வயதைச் சொல்லி, காலம் முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னது. ஆளுங்கட்சியினருக்கு வலித்தது. எந்த வசைச் சொல்லுக்கு என்று சுட்டிக்காட்டத்தான் முடியவில்லை.

இலங்கையில் இந்த விளையாட்டு இரண்டு மொழிகளில் நடந்தது. 1978 அரசியலமைப்பின் இரண்டாம் உறுப்புரை நாட்டை ஒற்றையாட்சி அரசு என்கிறது. 2017 செப்டம்பரில் அரசியலமைப்புப் பேரவையின் வழிநடத்தல் குழு வெளியிட்ட இடைக்கால அறிக்கை, சிங்களத்தில் ‘ஏகிய ராஜ்ய’ என்றும் தமிழில் ‘ஒருமித்த நாடு’ என்றும் எழுதலாம் என்றது. சிங்களச் சொல் பழைய ஒற்றையாட்சிச் சொல்லேதான். தமிழ்ச் சொல் புதியது, மனம் ஒத்துச் சேர்ந்திருப்பது என்ற வாசனை அதில் உண்டு. ஒரே வரியை ஒருவர் ஒற்றையாட்சி மாறவில்லை என்றும் இன்னொருவர் ஒற்றையாட்சி போய்விட்டது என்றும் வாசிக்கலாம். இரண்டு கூட்டமும் ஒன்றின் பேச்சை மற்றது கேட்காதவரை இது செல்லும். கேட்டுவிட்டார்கள். இரு பக்கமும் சந்தேகம்தான் மிஞ்சியது, அந்த அரசியலமைப்பும் வரவில்லை.

சட்டம் இந்தக் குறிப்பு மொழியை எப்படிப் பிடிக்கிறது? 1908இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பேசிய பேச்சுகளுக்காக ராஜத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்டபோது, காவல் துறையினர் எடுத்த குறிப்புகள் முக்கியச் சான்றாக இருந்தன. ஜூலை 7 அன்று பின்ஹே என்ற நீதிபதி வ.உ.சி.க்குத் தீவாந்தர தண்டனை விதித்தார். குறிப்பேட்டில் சொல் ஏறும், குரலும் இடைவெளியும் ஏறாது. எங்கள் ஊர்த் தேரடிக் காவலரின் நோட்டு அதன் வாரிசு. ஆனால் அவதூறுச் சட்டத்தை எழுதியவர்கள் விவரமானவர்கள். 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 499ஆம் பிரிவில் மூன்று எடுத்துக்காட்டுகள் உண்டு. கடிகாரம் திருட்டுப் போயிருக்கிறது. ஒருவன், அவர் நேர்மையானவர், கடிகாரத்தை அவர் திருடவே இல்லை என்று, திருடினார் என நம்ப வைக்கும் நோக்கத்தோடு சொல்கிறான். இன்னொருவன் யார் திருடியது என்று கேட்டதும் ஆளைச் சுட்டிக்காட்டுகிறான். மூன்றாமவன், அவர் கடிகாரத்தோடு ஓடுவதாகப் படம் வரைகிறான். மூன்றும் அவதூறு. எள்ளலாகச் சொன்னாலும் குற்றம்தான் என்று தனி விளக்கமும் இருக்கிறது. சுட்டும் நகையும் இங்கேயும் அருகருகே வந்து நிற்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். 2024 ஜூலை முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு.

ஒரு ஆளின் மானத்துக்கு இவ்வளவு கவனம் காட்டும் சட்டம், ஒரு கூட்டத்தையே குறிப்பால் சுட்டும்போது தடுமாறுகிறது. ‘அவர்கள்’, ‘அந்தப் பகுதி ஆட்கள்’, ‘உடையைப் பார்த்தாலே தெரியும்’ என்ற ரகப் பேச்சுகளில் கடிகாரமும் இல்லை, பெயரும் இல்லை. இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். முரசொலிப் பட்டியலும் இந்தச் சுட்டும் ஒரே கருவியால் செய்தவைதான். முதலாவதில் பேச விடாத அதிகாரத்தின் கீழ் ஒருவர் பேச வழி தேடினார். இரண்டாவதில் பேசுவதற்கு எந்தத் தடையும் இல்லாத ஒருவர், பொறுப்பிலிருந்து தப்ப வழி தேடுகிறார். உத்தியைப் பார்த்து இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் ஆய்வுகள் எனக்குச் சலிப்பூட்டுகின்றன.

கைப்பேசி வந்தபின் பங்கீட்டில் ஒரு கோளாறு. தேரடியில் தலையைத் திருப்பிய கூட்டம் முப்பது விநாடிக் காணொளியில் இல்லை. மண்டபம் எந்தத் திசை என்று தெரியாதவர் அதைத் துபாயில் இருந்து பார்க்கிறார். அவர் தமக்குத் தெரிந்த மண்டபத்தைப் போட்டு நிரப்பிக்கொள்கிறார். 2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் விஜய் தம் முதல் மாநாட்டில் பெயர் சொல்லாமல் இரண்டு எதிரிகளைச் சொன்னார், பாசிசத்தையும் பாயாசத்தையும் மோனையில் கோத்தார். அன்றிரவே ஒவ்வொரு தொலைக்காட்சி விவாதத்திலும் நான்கு பேர் உட்கார்ந்து, விடுபட்ட பெயர்களைச் சத்தமாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். குறிப்பை உடைத்துச் சொல்வதே ஒரு தொழிலாகிவிட்டது. நகைச்சுவைத் துணுக்குக்குப் பொழிப்புரை எழுதுவதுபோல.

2023 ஜனவரி 4 அன்று ஆளுநர் ஆர்.என். ரவி ராஜ்பவன் நிகழ்ச்சி ஒன்றில், தமிழ்நாடு என்பதைவிடத் தமிழகம் என்பது பொருத்தமான சொல் என்று பேசினார். இரண்டுமே நாம் தினமும் புழங்கும் சொற்கள். ஆனால் ‘நாடு’ என்ற சொல்லுக்குப் பின்னால், அந்தப் பெயர் கேட்டு 76 நாள் உண்ணாநோன்பிருந்து 1956இல் உயிர்விட்ட சங்கரலிங்கனாரும், 1967 ஜூலை 18இன் சட்டமன்றத் தீர்மானமும் இருக்கின்றன. பொங்கல் அழைப்பிதழில் தமிழ்நாடு ஆளுநர் என்பது தமிழக ஆளுநர் ஆனது. எதிர்ப்பு கிளம்பியது. ஜனவரி 18 அன்று, பெயரை மாற்றச் சொன்னதாகப் புரிந்துகொள்வது தவறு என்று ஆளுநர் விளக்க அறிக்கை விட்டார். குறிப்பைத் திரும்பப் பெறும் உரிமையை அவர் பயன்படுத்தினார். கேட்டவர்கள் கேட்டது கேட்டதாகவே இருந்தது.

அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில், ஜனவரி 9 அன்று, சட்டமன்றத்தில் ஆளுநர் உரை. அச்சிட்ட உரையில் ஒரு பத்தியில் பெரியார், அம்பேத்கர், காமராசர், அண்ணா, கருணாநிதி என்று ஐந்து பெயர்கள் இருந்தன, ‘திராவிட மாடல்’ என்ற தொடரும் இருந்தது. ஆளுநர் அவற்றை வாசிக்காமல் தாண்டிப் போனார். எதிராக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவையில் அச்சிட்ட பிரதியை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த மௌனம் எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடிந்தது என்பது துல்லியமாகத் தெரிந்தது. முதலமைச்சர் எழுந்து, அச்சிட்ட உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் போய்க்கொண்டிருக்கும்போதே ஆளுநர் அவையை விட்டு வெளியேறினார். தேசிய கீதம் அதற்குப் பிறகுதான் இசைக்கப்பட்டது.

அன்றைய அவைக்குறிப்பை இன்று எடுத்துப் படித்தால், அந்த ஐந்து பெயர்களும் ஆளுநர் உரையில் வரிசையாக இருக்கும்.